ஐரோப்பாவில் வடம் பிடித்த தமிழன்

கடல் கடந்து சென்று திரும்பும் மனிதன் தனக்காக மட்டும் திரும்புவதில்லை. அவன் கண்ட காட்சிகள் அவனுடைய சொத்தல்ல, மானுடத்தின் பொதுச் சொத்து.

இப்படித்தான் எழுதியிருந்தது. எழுதியவர் மருதமுத்து. எழுதப்பட்ட இடம், பஸ் ஸ்டாப்புக்கும் பால் பூத்துக்கும் நடுவே இரண்டு வேப்ப மரங்களில் சணல் கயிற்றால் கட்டித் தொங்கவிட்ட ஃபிளெக்ஸ் பேனர். மானுடம் என்று அவர் குறிப்பிட்டது, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சுரங்கக் குடியிருப்பின் வட்டத்து மனமகிழ் மன்றத்தில் போடப்படவிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை. கூட்டம் முடிந்ததும் மானுடத்துக்குப் போண்டாவும் டீயும் உண்டு.

பேனரில் மருதமுத்து கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு ரயிலின் மூக்கைத் தடவிக்கொடுத்தபடி நின்றார். அந்தப் படத்தில் பக்கத்தில் நின்றிருந்த மனைவி கமலாவை பேனர் கடைக்காரர் வெட்டி எடுத்துவிட்டார். வெட்டியவர் சரியாக வெட்டவில்லை. மருதமுத்துவின் இடுப்பிலிருந்து கண்ணாடி வளையல் போட்ட ஒரு முழங்கை தனியாக முளைத்திருந்தது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில்: 'ஐரோப்பாவில் வடம் பிடித்த தமிழன்! கேட்கத் தவறாதீர்!'

பால் பாக்கெட்டோடு நின்று கமலா அதை முழுக்கப் படித்தாள். தன் முழங்கையையும் பார்த்துக்கொண்டாள். காலை ஏழு மணிக்கே வெயில் உறைத்தது. ஆனால் அவள் காது மடல் சூடானது வெயிலால் அல்ல. அந்த வடத்தைப் பிடித்தவள் அவள். அது பிடிக்கப்பட்ட ஊரின் பக்கமே மருதமுத்து போகவில்லை.

மருதமுத்து பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் உதவிப் பொது மேலாளர். கன்வேயர் பிரிவு. தேனிப் பக்கத்திலிருந்து டிப்ளமோவோடு வந்து, ஷிஃப்ட் பார்த்துப் பார்த்து மேலே ஏறியவர். உழைப்பாளி என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் வீட்டுக்குள் யார் என்ன செய்தாலும் அது அவர் செய்ததாகிவிடும். இது அவருடைய சுபாவம், அவருக்கே தெரியாத சுபாவம். குவார்ட்டர்ஸ் தோட்டப் போட்டியில் கமலா வளர்த்த செம்பருத்திக்கும் கொடிமல்லிக்கும் முதல் பரிசு கொடுத்தார்கள். மேடையேறிக் கோப்பையை வாங்கியவர் மருதமுத்து. ஏற்புரையில், "மண்ணோடு பேச வேண்டும், மண் நமக்குப் பதில் சொல்லும்" என்றார். அந்தத் தோட்டத்தில் அவர் பேசியது ஒரே ஒரு தடவைதான். செருப்பில் சகதி ஒட்டியபோது.

அதற்கெல்லாம் கமலா சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கோப்பையை அவள்தான் புளி போட்டுத் துலக்குகிறாள். ஆனால் இது தோட்டம் இல்லை.

ஐரோப்பா போனது மகள் அருள்மொழியின் தயவில். ஜெர்மனியில் வேலையில் இருக்கிறாள். தனக்கு லீவு கிடைக்காது என்று அப்பா அம்மா இருவருக்கும் ஆளுக்கொரு ரயில் பாஸ் வாங்கித் தந்தாள். ஒரு வாரத்துக்கு எந்த நாட்டில் எந்த ரயிலில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். கோடைக்காலம், அங்கே ஊருக்கு ஊர் திருவிழா. எந்த ஊரில் என்றைக்கு என்ன விசேஷம் என்று பார்த்துப் பார்த்துச் சொல்லி அனுப்பினாள்.

அருள்மொழி செய்த பிழை அதுதான். காலமெல்லாம் கன்வேயர் ஓட்டிய மனிதரின் கையில் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஏறலாம் என்று ஒரு சீட்டைக் கொடுக்கலாமா? ஓடாமல் நிற்கிற பெல்ட் நஷ்டம். அதுதான் அவருடைய வேதம். பாஸ் சும்மா இருக்கக்கூடாது என்று முதல் நாளே தீர்மானித்துவிட்டார். ஏ ஷிஃப்டில் ஒரு நாடு, பி ஷிஃப்டில் ஒரு நாடு, சி ஷிஃப்டில் உட்கார்ந்தபடி தூக்கம். சாப்பாடு, கமலா பையில் கட்டிக்கொண்டு வந்த புளியோதரை. ஊரில் இறங்குவார். ஸ்டேஷன் பெயர்ப்பலகைக்கு முன்னால் நின்று போட்டோ. "முடிஞ்சுது, அடுத்த வண்டி எப்ப?"

விளக்குத் திருவிழா நடக்கிற ஊரை அவர்கள் மத்தியானம் இரண்டு மணிக்குப் பார்த்தார்கள். விளக்குகள் அட்டைப் பெட்டிக்குள் இருந்தன. பூத் திருவிழா ஊருக்கு முந்தின நாளே போய்விட்டார்கள். "தொட்டி வச்சிருக்கான்ல, பூவும் வைப்பான். ஐடியா கெடைச்சிருச்சு, கெளம்பு" என்றார் மருதமுத்து. இசைத் திருவிழாவில் வாசல்வரை போனார்கள். "உள்ள போனா வண்டி போயிரும். கேக்குது பாரு, இங்கருந்தே நல்லாத்தான கேக்குது" என்று கேட்டுக்கு வெளியே காதைச் சாய்த்துக்கொண்டு நின்றார். உள்ளே பல்லாயிரம் பேர் கைதட்டியபோது அவரும் கைதட்டினார்.

அவர் நிதானமாக நின்று பார்த்தது ஒன்றே ஒன்றை. ஜெர்மனியில் ஒரு பழுப்பு நிலக்கரிச் சுரங்கம். கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், தூரத்தில், ஒரு ராட்சச வெட்டும் இயந்திரம் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. நம் ஊர் சுரங்கத்தில் ஓடுகிற அதே ஜாதி. மருதமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "கமலா, நம்ம மெசினோட பொறந்த வீடு" என்றார். வீட்டுச் சமையலறை ஜன்னலைத் திறந்தால் வருகிற அதே கரித்தூள் வாசனையை மோந்தபடி கமலா அந்த வேலியோரம் அரை நாள் நின்றாள். இதற்குக் கடல் தாண்டி வந்திருக்க வேண்டாம். வீட்டு மொட்டை மாடி ஏறினால் போதும்.

மறுநாள்தான் அது நடந்தது.

மலைப்பாங்கான ஒரு நாட்டில், ஒரு ஜங்ஷனை நெருங்கிக்கொண்டிருந்தது வண்டி. கதவுக்கு மேலிருந்த திரையில் இரண்டு ஊர்ப் பெயர்கள் தெரிந்தன. மருதமுத்து தலையை ஆட்டிக்கொண்டார்.

"இந்த வண்டிய இங்க ரெண்டா கழட்டுவான். முன்பாதி ஒரு ஊருக்கு, பின்பாதி ஒரு ஊருக்கு."

"அப்ப நாம எதுலங்க உட்காரணும்?"

"அட, அதுக்குள்ள என்ன அவசரம். எஞ்சின் வரணும், கப்ளிங் கழட்டணும், காத்து பைப்பு கழட்டணும், ஒருத்தன் பச்சைக்கொடி காட்டணும். விருத்தாசலத்துல எஞ்சின் மாத்துறதுக்குள்ள நான் வடை தின்னு, கை கழுவி, பேப்பர் வாங்கிட்டு வந்து ஏறியிருக்கேன். நீ உக்காரு. நான் போய் வீடியோ எடுத்துட்டு வர்றேன்."

இறங்கிப் போனார். எஞ்சின் வரவில்லை. சுத்தியலோடு யாரும் வரவில்லை. வடை வரவில்லை. எங்கோ 'டிங்' என்றது; கதவுகள் மூடிக்கொண்டன. வண்டியின் நடுவில் செல்ஃபோனைத் தூக்கிப் பிடித்து நின்றிருந்த மருதமுத்து, கைக்கு எட்டிய கதவுக்குள் பாய்ந்து ஏறுவதைக் கமலா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அது முன்பாதி. பிரசவமான பசு எழுந்து நடப்பதுபோல் அந்தப் பாதி சத்தமே இல்லாமல் விலகிப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் இவள் உட்கார்ந்திருந்த பாதி வேறு தண்டவாளத்தில் திரும்பியது.

அவளுடைய பாஸ்போர்ட் மருதமுத்துவின் இடுப்புப் பையில் இருந்தது. 'பொம்பளைங்களுக்குப் பத்திரம் பத்தாது.' அவளிடம் செல்ஃபோன் கிடையாது. 'குடும்பத்துக்கு ஒண்ணு போதும், ரோமிங் தண்டம்.'

வண்டி போய் நின்ற இடத்துக்கு அப்பால் தண்டவாளமே இல்லை. சின்ன மலை ஊர். ஸ்டேஷனில் இருந்த அம்மாளிடம் கமலா தன் காதருகே கையை வைத்துக் காட்டினாள். அந்த அம்மாள் தன் ஃபோனையே தந்தாள். மகள் நம்பர் ஒன்றுதான் கமலாவுக்கு மனப்பாடம்.

"அம்மா, பயப்படாதீங்க. அங்கருந்து சாயங்காலம்தான் வண்டி. அதுல ஏறித் திரும்ப ஜங்ஷனுக்கே வாங்க. அப்பாவ அங்க நிக்கச் சொல்றேன். அதுவரைக்கும்..." அருள்மொழி கொஞ்சம் யோசித்தாள். "அதுவரைக்கும் ஊரச் சுத்திப் பாருங்கம்மா."

அந்த வாரத்தில் முதல் தடவையாக கமலா தன் இஷ்டத்துக்கு ஒரு ஸ்டேஷனுக்கு வெளியே வந்தாள்.

தெரு முழுக்கச் சனம். திருவிழா. மரத்தில் செய்த ஒரு பெரிய படகைச் சக்கரம் வைத்த மேடையில் ஏற்றி, அதற்குள் வர்ணம் பூசிய ஒரு சாமியார் சிலையை நிறுத்தி, கல் பாவிய மேட்டுத் தெருவில் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கை மொத்தத்தில் வடம். ஒரு பக்கம் ஆண்கள், ஒரு பக்கம் பெண்கள். கமலா ஓரமாகத்தான் நின்றாள். அவள் பிறந்த ஊரில் தேர் வருகிறபோது பெண்கள் எதிர்ப்பக்கம் ஒதுங்கி நின்று கும்பிட வேண்டும். பெண் கை பட்டால் தேர் நகராது என்பார்கள். பாவாடை கட்டிய வயதில் ஒருமுறை தரையில் கிடந்த வடத்தின் நுனியைத் தொட்டுப் பார்த்தாள். தாய்மாமன் ஓடிவந்து மண்டையில் குட்டிய குட்டு இன்னும் மறக்கவில்லை. அந்தத் தேர் அவள் தொடாமலேயே பல வருஷம் நகராமல் கிடந்தது வேறு விஷயம். அது கோர்ட்டுக் கேஸ்.

இங்கே சிவந்த கன்னமும் அகலமான தோளுமாக ஒருத்தி இவளைப் பார்த்தாள். புடவையைப் பார்த்தாள். வடத்தில் தன் பக்கத்தில் இடம் விட்டு, வா என்று தலையை அசைத்தாள்.

கமலா முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தாள். குட்டுவதற்கு யாரும் இல்லை. கை தன்னால் கீழே போய்ச் செருப்பைக் கழற்றியது. வெறுங்காலோடு போய் வடத்தைப் பிடித்தாள். சிவந்த கன்னக்காரி இவள் காலைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தன் காலணியையும் உதறினாள். அவளைப் பார்த்து அடுத்தவள். அதற்கடுத்தவள். திருப்பத்தில் படகு சிக்கிக்கொண்டு அசையாமல் நின்றபோது, கமலாவின் தொண்டையிலிருந்து அவள் கேட்காமலேயே "அரோகரா!" என்று வந்துவிட்டது. வரிசை முழுவதும் வாய்க்கு வந்தபடி அதைத் திருப்பிச் சொல்லி ஒரு இழுப்பு இழுத்தது. படகு நகர்ந்தது. பெண் கை பட்டு நகர்ந்தது.

ஆற்றங்கரையில் படகை நிறுத்தியதும் தெருவிலேயே நீளமாகப் பலகை போட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். இவளையும் உட்கார வைத்தார்கள். ஒரு வார்த்தை புரியவில்லை. கல்யாணமாகி வந்ததிலிருந்து இவ்வளவு நேரம் யாரும் அவளிடம் பேசியதில்லை.

சாயங்காலம் ஜங்ஷன் மேடையில் மருதமுத்து நின்றிருந்தார். முதல் வார்த்தை: "ஒரு எடத்துல ஒழுங்கா உக்காரத் தெரியாதா உனக்கு?"

அவர் உட்காரச் சொன்ன சீட்டிலேயே உட்கார்ந்திருந்தவள் அவள். அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் தன் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "வண்டி பிரிஞ்ச அந்த நிமிஷமே எந்திரிச்சு செயினத் தேடுனேன் கமலா. இழுத்து நிறுத்த ஒரு செயின் இல்ல. என்னய்யா நாடு! துடிச்சுப் போயிட்டேன்." கமலாவுக்கு மனசு இளகிவிட்டது. கோபத்தை விட்டு, ரயிலில் வரும்போது ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். செருப்பு கழற்றியதை மட்டும் சொல்ல மறந்தாள். அது அவளுக்கு ஒரு விஷயமாகவே தோன்றவில்லை. மருதமுத்து கண்ணை மூடிக்கொண்டு "ம்... ம்" என்றார். தூங்குகிறார் என்று நினைத்தாள். தூங்கவில்லை, மனப்பாடம் செய்துகொண்டிருந்தார் என்பது ஊர் திரும்பிய பிறகுதான் தெரிந்தது.

விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம், "என் ஒய்ஃப் ஒரு தேர் இழுத்தாங்க" என்று ஆரம்பித்தார். சென்னையில் ஏறிய கார் டிரைவரிடம் "நாங்க இழுத்தோம்." விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டுவதற்குள் "நான் இழுத்தேன்" ஆகிவிட்டது. பின்சீட்டில் கமலா உள்ளங்கையில் உரிந்த தோலைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பேனரைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் பால் பாக்கெட்டை மேஜையில் அறைந்தாள்.

"ஏங்க, வடம் புடிச்சது யாரு?"

மருதமுத்து பேப்பரிலிருந்து நிமிரவில்லை. "எதுக்கு இப்ப?"

"புடிச்சது யாருன்னு கேட்டேன்."

"குடும்பம்னா ஒண்ணுதான கமலா. நான் புடிச்சா என்ன, நீ புடிச்சா என்ன? பேருதான வேற."

"அப்ப உங்க ஏஜிஎம் ப்ரொமோஷனு? அது என்னுதா? நாளைக்கு நான் போய் உங்க சீட்ல உக்காரட்டா?"

"இந்தா பாரு, கூறுகெட்டுப் பேசாத." இப்போது பேப்பரை மடித்தார். "உன்னக் கூப்புட்டு யாரு மேடை போடப் போறா? நான் சொன்னா நாலு பேரு கேப்பான். நம்ம பழைய ஜிஎம் கோபாலகிருஷ்ணன் சார் தலைமை தாங்க ஒத்துக்கிட்டாரு. பேச்ச ரெக்கார்டு பண்ணி, அப்படியே புஸ்தகமாப் போட்டு, அடுத்த வருஷம் புத்தகக் கண்காட்சில வெளியிடறோம். கடைசில 'என் பயணத்துக்குத் துணை நின்ற துணைவியாருக்கு நன்றி'ன்னு ஒரு வரி போட்டிருக்கேன். போதுமா? நல்ல புடவை கட்டிட்டு வந்து முன்வரிசைல உக்காரு."

புஸ்தகம்.  வாயால் சொன்ன பொய் காற்றோடு போகும். அச்சில் ஏறிவிட்டால், நாளைக்கு அருள்மொழிக்குப் பிறக்கும் குழந்தைகூடத் தாத்தாதான் இழுத்தார் என்று படிக்கும். கமலாவுக்கென்று வாழ்க்கையில் இருந்தது அந்த ஒரு பகல். அதிலும் முழங்கையைத் தவிர மற்றதெல்லாம் வெட்டப்படப் போகிறது.

நல்ல புடவைக்கு ஜாக்கெட் பிரிக்க வேண்டியிருந்தது. வட்டத்து மார்க்கெட்டில் அம்சவல்லி தையல் கடை வைத்திருக்கிறாள். முத்தாண்டிக்குப்பத்துக்காரி. அவள் வீட்டுக்காரர் கொளஞ்சிநாதன் கோயில், கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக்செட் போடுகிறவர்.

"யக்கா, சாரு வெளிநாட்டுல தேரு இழுத்தாராமே? வூட்டுல இதே பேச்சுதான். மைக்செட்டு நம்ம வூட்டுக்காருதான் போடறாரு" என்றாள் அம்சவல்லி.

"அவரு இழுக்கல. நான் இழுத்தேன்."

அம்சவல்லியின் கால் பெடலில் நின்றது. "இன்னாக்கா சொல்றீங்க?"

கமலா சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. பக்கத்துக் கடை மளிகைக்காரர் எட்டிப் பார்க்கும் அளவுக்கு ஏறியது.

"அட கண்றாவியே!" என்றாள் அம்சவல்லி. "எங்க ஊருல மாரியம்மனுக்கு முதுகுல செடல் குத்திக்கினு வந்தவன் ஒருத்தன், அத வேற ஒருத்தன் நான்தான் குத்திக்கினேன்னு சொல்லிக்கினு திரிஞ்சா அருவாள எடுத்துருவாங்க. ஒருத்தரு வேண்டுதல இன்னொருத்தரு தூக்கிக்கினு போவ முடியுமா?"

"வேண்டுதல்கூட இல்ல அம்சா. அவருக்கு உடம்பு நல்லாகணும், மகளுக்குப் படிப்பு வரணும்னு காலமெல்லாம் வேண்டுதல் வச்சாச்சு. இது எதுக்குமே இல்ல. சும்மா. எனக்கே எனக்கு. அதான் ஆத்திரம் ஆத்திரமா வருது."

"வந்து? மொத வரிசையில குந்திக்கினு பூம்பூம் மாடு கணக்கா தலைய ஆட்டப் போறீங்களா?"

கமலா எழுந்தாள். ஜாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள். வழியெல்லாம் பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மன்றம் நிறைந்திருந்தது. போண்டாவுக்கு நல்ல பெயர். ஓய்வுபெற்ற பொது மேலாளர் கோபாலகிருஷ்ணன் தலைமையுரையில், "அன்று யவனர்கள் கப்பலேறி நம்மிடம் வந்தார்கள். இன்று நம் மருதமுத்து ரயிலேறி அவர்களிடம் சென்றார். வரலாறு தன் கடனைத் தீர்த்துக்கொண்டது" என்றார். வரலாற்றுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். வரலாறு வியர்த்துக்கொண்டே அதைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தது.

பிறகு மருதமுத்து எழுந்தார். விளக்கை அணைத்துத் திரையில் படம் காட்டினார். முதல் படம், ஒரு ஸ்டேஷன் பெயர்ப்பலகை, மருதமுத்து. இரண்டாவது, வேறு பலகை, மருதமுத்து. பலகைகள் மாறிக்கொண்டே இருந்தன, கோட்டு மாறவில்லை.

"சார், ஊருக்குள்ள போவலியா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு.

"வரேன், வரேன்" என்றார் மருதமுத்து. "இனிமேதான் முக்கியமான கட்டம். இதுக்குப் படம் கிடையாது. ஏன்னா என் ரெண்டு கையும் வடத்துல இருந்துச்சு."

கைதட்டல். மருதமுத்து மைக் ஒயரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாதத்தை அகட்டி ஊன்றினார். "ஒரு மலை கிராமம். ஒரு படகுத் தேர். திருப்பத்துல சிக்கிருச்சு. ஆயிரம் வெள்ளைக்காரன் திகைச்சு நிக்கிறான். நான் அடிவயித்துலேருந்து 'அரோகரா'ன்னு ஒரு குரல் கொடுத்தேன் பாருங்க! ஐரோப்பாக் கண்டமே திருப்பிச் சொல்லுச்சு!"

ஒயரை இழுத்தார். ஸ்பீக்கர் கீச்சென்று அலறியது. மூலையில் கொளஞ்சிநாதன் பதறி எழுந்தார். மன்றம் ஆர்ப்பரித்தது.

முன்வரிசையில் கமலா எழுந்து நின்றாள். எழுந்திருக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அந்த 'அரோகரா'வை அவர் வாயில் கேட்டதும் உட்கார முடியவில்லை.

"ஒரு கேள்வி கேக்கணும்."

"கமலா, நன்றியுரை கடைசில" என்றார் மருதமுத்து மைக்கை மூடிக்கொண்டு.

"கேக்கட்டும், கேக்கட்டும்" என்றார் கோபாலகிருஷ்ணன் பெருந்தன்மையோடு. "மகளிர் தரப்பிலிருந்தும் ஒரு கேள்வி வரணுமில்ல."

"வடம் புடிக்கும்போது கால்ல என்னங்க போட்டிருந்தீங்க?"

மருதமுத்துவுக்கு நிம்மதி. சுலபமான கேள்வி. "ஷூதான். லெதர் ஷூ. கல்லு பாவுன ரோடு, வழுக்கிரும்ல."

மன்றத்தில் ஒரு முனகல் ஓடியது. எட்டு மாவட்டத்திலிருந்து வந்து குடியேறிய சனம். எட்டு மாவட்டத்திலும் தேர் உண்டு.

"ஷூ காலோடயா?" என்றார் ஒருவர்.

"தோல் செருப்பப் போட்டுட்டா சாமி வடத்தத் தொட்டீங்க?" என்றார் இன்னொருவர். "என்ன சார் இது?"

"இல்ல... அது... அவங்க சாமி..." மருதமுத்து ஒயரை விட்டுவிட்டார். "அங்க அப்படித்தான். யாரும் கழட்டறதில்ல."

"கழட்டுனாங்க." கமலா சபைப் பக்கம் திரும்பினாள்.  "நான் கழட்டினேன். என்னப் பாத்து அந்தப் பொம்பளைங்களும் கழட்டுனாங்க. வடம் புடிச்சது நான். அரோகரா சொன்னது நான். இவரு அந்த ஊருக்கே வரல. வண்டியப் பிரிக்கிற எடத்துல வீடியோ எடுக்கப் போயி, அந்தப் பாதில ஏறி எங்கியோ போயிட்டாரு. என்ன விட்டுட்டுப் போயிட்டாரு. பாஸ்போர்ட்டும் அவருகிட்ட, ஃபோனும் அவருகிட்ட."

"கமலா! குடும்ப விஷயத்தச் சபைல வச்சு..."

"சபைல வச்சது யாரு? மரத்துல கட்டித் தொங்கவிட்டது யாரு? முழங்கைய மட்டும் விட்டுட்டு என்னய வெட்டி எடுத்துட்டுச் சபையாம், குடும்பமாம்! தோட்டத்த எடுத்துக்கிட்டீங்க, கோப்பைய எடுத்துக்கிட்டீங்க, போகட்டும். இத எடுக்க விடமாட்டேன். புஸ்தகம் போட்டீங்க, நானே ஒவ்வொரு புஸ்தகமா வாங்கி அடிச்சுத் திருத்துவேன்."

யாரும் கைதட்டவில்லை. எதற்குக் கைதட்டுவது, எதற்குத் தட்டக்கூடாது என்று அந்த மன்றத்துக்குத் தெரியவில்லை. கோபாலகிருஷ்ணன் தண்ணீர் குடித்தார். பின்வரிசையில் அம்சவல்லி மட்டும் "அப்புடிப் போடுங்கக்கா" என்றாள், சன்னமாக, எல்லோருக்கும் கேட்கும்படியாக.

மருதமுத்து நெற்றியைத் துடைத்தார்.  "பெரியோர்களே, ஒரு சின்னத் திருத்தம். உண்மைல என் மனைவி தனியா மாட்டிக்கிட்டாங்க. அந்த நேரத்துல நான் பட்ட பாடு இருக்கே! வண்டி பிரிஞ்ச அந்த நிமிஷமே நான் எந்திரிச்சு..."

"சாரு, ஒரு நிமிசம்" என்றார் கொளஞ்சிநாதன், மைக்செட் பெட்டிக்குப் பின்னாலிருந்து. அவர் குரலில் கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். "வண்டி பிரிஞ்சது உங்களுக்கு எப்புடித் தெரியும்? நீங்கதான் உள்ள ஏறிக் குந்திக்கினீங்களே."

"அது... எஞ்சின் வரல. அதனால இன்னும் பிரிக்கல, அடுத்த ஜங்ஷன்ல பிரிப்பான்னு நினைச்சேன். கமலா பின்னாடி பெட்டில இருக்கான்னுதான்..." மருதமுத்து நிறுத்தினார். வாய் முந்திக்கொண்டது அவருக்கே தெரிந்துவிட்டது.

கமலா அவரையே பார்த்தாள். செயினைத் தேடினேன், துடித்துப் போனேன் என்று கேட்டு மனசு இளகி உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்கால ரயில் அவள் கண் முன்னால் வந்து போயிற்று. இப்போது வந்த கோபத்துக்கு முன்னால் பேனர் கோபமெல்லாம் ஒன்றுமில்லை.

"சொல்லுங்க" என்றாள். "நான் இல்லன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"ஜன்னல் சீட்டு கெடைச்சுது. கொஞ்சம் கண்ணசந்துட்டேன்."

"எப்பத் தெரிஞ்சுது?"

 மைக் அவர் வாய்க்கு நேராகவே இருந்தது. கொளஞ்சிநாதன் அதை அணைக்கவில்லை.

"பசிச்சப்ப" என்றார் மருதமுத்து.

புளியோதரைப் பை கமலாவிடம் இருந்தது.